ஓவர்லே பட்டை ஒட்டினால் போதுமா? தமிழ் இதழ்த் தளமும் திரைவாசிப்பானும்

4 ஜூலை 2025, காலை 10.15 (கேள்வி)

ஒரு தமிழ் மாத இதழின் தளத்தைப் பராமரிக்கிறேன். வேர்ட்பிரஸ். சுமார் 1,400 கட்டுரைகள். பழையவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, பாதி யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றியாயிற்று, மீதி அப்படியே கிடக்கிறது. பழைய இதழ்கள் பிடிஎஃப்பாக இருக்கின்றன. சந்தா கட்ட ஒரு படிவம் உண்டு. பார்வையற்ற வாசகர் ஒருவர் "சந்தா கட்டவே முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஒரே வரி ஸ்கிரிப்ட் ஒட்டினால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று ஓவர்லே (தளத்தின் மேல் உதவிப் பொத்தான் பட்டையை ஏற்றும் ஆயத்த மென்பொருள்) விற்பவர்கள் சொல்கிறார்கள். அ+ அ- பொத்தானும் ஏற்கெனவே மேலே இருக்கிறது. ஓவர்லேயே போதும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

4 ஜூலை, பகல் 12.40

போதாது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான், நிறம் மாற்றும் பொத்தான் எல்லாம் வாசகரின் கணினியிலேயே இருக்கின்றன. கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் எந்தத் தளமும் பெரிதாகும். பார்வையற்றவர் திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான தன் திரைவாசிப்பானோடுதான் வருகிறார்: விண்டோஸில் என்விடிஏ அல்லது ஜாஸ், ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். உங்கள் ஓவர்லே அதன் மேல் இன்னொரு குரலைப் போடும், விசைகளில் சிலவற்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். படிவத்தில் உள்ள பெயரில்லாத பெட்டிக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று அதற்குத் தெரியாது. படத்தில் இருப்பவர் யார் என்றும் தெரியாது. தானே ஊகித்து ஒரு பெயரை வைத்துவிட்டால், தப்பான பெயர் பெயரின்மையை விட மோசம்.

தானியங்கி ஓவர்லே எந்தத் தளத்தையும் அணுகல் விதிகளுக்கு உட்படுத்திவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிவித்தது. விற்பவரிடம் அதையும் கேளுங்கள்.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை மட்டும் வைத்துச் சந்தா கட்டிப் பாருங்கள். முன்னே போக டேப், பின்னே வர ஷிஃப்ட்டோடு டேப், அழுத்த என்டர் அல்லது ஸ்பேஸ். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் தீமின் (தள வடிவமைப்பின்) தோற்ற விதிகளான சிஎஸ்எஸ்ஸில் 'அவுட்லைன் நன்' (சுற்றுக்கோடு வேண்டாம்) என்று யாரோ எழுதியிருப்பார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு 2 பிக்சல் கோடு போடுங்கள், பின்னணியோடு 3:1 நிற வேறுபாடு இருக்கட்டும். எங்கே சிக்கினீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.

4 ஜூலை, இரவு 9.05 (கேட்டவர்)

"சந்தா செலுத்துக" பொத்தானுக்கு டேப் போகவே இல்லை. மாவட்டம் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கும் போகவில்லை.

4 ஜூலை, இரவு 10.20

அது பொத்தானே இல்லை, நிறம் பூசிய டிவ் என்ற எச்டிஎம்எல் டேக் (பக்கத்தைக் கட்டும் குறி). உலாவிக்கு அது வெறும் பெட்டி. டேப் வரிசையில் வராது, என்டருக்கு அசையாது. திரைவாசிப்பானில் வருபவர் அதை அழுத்தவே முடியாது. டிவ்வை பட்டன் என்ற உண்மையான டேகாக மாற்றினால் டேப், என்டர், ஸ்பேஸ், "பொத்தான்" என்ற அறிவிப்பு நான்கும் இலவசமாக வரும். டிவ்விலேயே ரோல் (இது பொத்தான் என்ற அறிவிப்பு), டேப்இன்டெக்ஸ் (டேப் வரிசையில் சேர்ப்பது), இரண்டு விசைகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் சேர்த்தும் செய்யலாம், ஆனால் அதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பெரும்பாலும் ஸ்பேஸ் விசைதான்.

மாவட்டப் பட்டியலும் அதே கதை. 38 மாவட்டம். சாதாரண செலக்ட் டேக் வைத்தால் 'தி' என்று அடித்ததும் திண்டுக்கல்லுக்குத் தாவும். அழகுக்காக டிவ்வில் கட்டிய பட்டியலில் அந்த வசதியை நீங்கள்தான் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை.

இப்போது என்விடிஏவை இறக்கி நிறுவுங்கள். இலவசம், திறமூலம், ஆஸ்திரேலியாவில் 2006இல் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது. அதன் மெனுவில் டூல்ஸ் என்பதற்குள் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. திறந்து வைத்தால் பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும். பார்வையுள்ள நிரலாளருக்கு அது பெரிய உதவி. டேப்பில் போனால் உங்கள் படிவம் அதில் இப்படித்தான் ஓடும்:

எடிட், பிளாங்க்.
எடிட், பிளாங்க்.
எடிட், பிளாங்க்.

பெயர், முகவரி, பின்கோடு என்ற சொற்கள் திரையில் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் எந்தப் பெட்டிக்கு எது என்று கட்டவில்லை. லேபிள் டேகின் 'ஃபார்' பண்பும் பெட்டியின் 'ஐடி'யும் ஒன்றாக இருக்க வேண்டும். சரி செய்த பின்:

பெயர், எடிட், ரிக்வயர்ட், பிளாங்க்.
பின்கோடு, எடிட், ரிக்வயர்ட், 6 இலக்கம், பிளாங்க்.

"6 இலக்கம்" என்பது கீழே சின்னதாக இருக்கும் உதவிக் குறிப்பு. அதை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை என்ற பண்பின் மூலம் பெட்டியோடு இணைக்க வேண்டும். பெட்டிக்குள்ளே சாம்பல் நிறத்தில் எழுதும் பிளேஸ்ஹோல்டரை லேபிளாக நம்பாதீர்கள். தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும். மறதி உள்ளவர்கள், கவனம் சிதறுபவர்கள் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று தெரியாமல் அழித்துப் பார்ப்பார்கள்.

5 ஜூலை, காலை 7.30

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். டிவ் பொத்தானைத் திரைவாசிப்பானில் அழுத்தவே முடியாது என்று எழுதியது மிகை. என்விடிஏவில் அம்புக்குறியால் வரி வரியாக வந்தால் "சந்தா செலுத்துக, கிளிக்கபிள்" என்று சொல்லும். என்டர் அழுத்தினால் பல நேரம் வேலை செய்யவும் செய்யும். ஆனால் பி விசையால் பொத்தான் பொத்தானாகத் தாவுபவருக்கு அது அகப்படாது. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவருக்கு வழியே கிடையாது. டிவ் பொத்தானால் அதிகம் அடிபடுபவர் அவர்தான்.

5 ஜூலை, மாலை 6.10

மொழி. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பக்கத்தின் மூலத்தைத் திறந்து எச்டிஎம்எல் டேகில் 'லாங்' (பக்கத்தின் மொழியைச் சொல்லும் பண்பு) என்ன என்று பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால், தானாக மொழி மாற்றும் அமைப்பு வைத்திருக்கும் வாசகருக்குத் தமிழ்க் கட்டுரை முழுக்க ஆங்கிலக் குரலிடம் போகும். குரலைப் பொறுத்து, ஒன்று தமிழை அப்படியே தாண்டிவிடும், அல்லது எழுத்து எழுத்தாகச் சொல்லித் தள்ளும். வேர்ட்பிரஸில் அமைப்புகள், பொது, தள மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் மாறவில்லையென்றால் தீமின் ஹெடர் கோப்பில் ஆங்கிலம் என்று கையால் எழுதி வைத்திருப்பார்கள். இந்த ஒரு வரி 1,400 கட்டுரைகளையும் ஒரே நேரத்தில் திருத்தும்.

தமிழ்க் குரல் இருக்கிறதா என்று யாரோ கேட்டிருந்தார்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ஜி தமிழ் பேசும். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு போகாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற மைக்ரோசாஃப்ட் குரல் உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுள் குரலும் தமிழ் வாசிக்கும்.

கட்டுரைக்குள் வரும் ஆங்கிலப் பத்தி, மேற்கோள் ஆகியவற்றுக்குத் தனியாக லாங் ஆங்கிலம் என்று போடுங்கள். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் போட்டுவிடுங்கள்.

5 ஜூலை, இரவு 11.00

மேலே உள்ள கடைசி வாக்கியம் தவறு, அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வரியில் நான்கு முறை குரல் மாறினால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நொடித் தடங்கல், ஒலி அளவும் வேகமும் வேறு. கேட்பவருக்குத் தலை வலிக்கும். இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் விதி 3.1.2லும் பெயர்கள், கலைச்சொற்கள், மொழியோடு கலந்துவிட்ட சொற்களுக்கு விலக்கு இருக்கிறது. பஸ், பேங்க் எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதினாலே குரல் அழகாகச் சொல்லிவிடும்.

7 ஜூலை, காலை 6.45

பாமினிக் கட்டுரைகள். பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. திரைவாசிப்பானுக்கு எழுத்துரு தெரியாது, எழுத்தெழுத்தாக நகர்த்தினால் அந்த ஐந்தையும்தான் சொல்லும். கூகுள் தேடலுக்கும் அதே கதி.

மாற்றாமல் கிடப்பவை எவை என்று கண்டுபிடிக்க அந்த ஐந்து குறிகளையே தரவுத்தளத்தில் தேடுங்கள். இலக்கிய இதழில் 'தமிழ்' என்ற சொல் வராத கட்டுரை குறைவு. மிச்சத்துக்கு 'என்று', 'அவர்' ஆகியவற்றின் பாமினி வடிவத்தையும் தேடலாம்.

யூனிகோடு மாற்றி மென்பொருள் கொண்டு மாற்றும்போது கெடுபவை:

கட்டுரைக்குள் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் இணைப்பு முகவரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். மாற்றுவதற்கு முன் அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

எ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ௭ என்ற தமிழ் எண் ஏழு. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். "௭ன்ன" என்று இருந்தால் குரல் ஏழைச் சொல்லிவிட்டு மீதியில் தடுமாறும். கைப்பேசி விசைப்பலகையில் அடித்த புதிய கட்டுரைகளிலும் இது வருகிறது. எண்ணாக வரும் ௭ உங்கள் இதழில் இல்லையென்றால் மொத்தமாக மாற்றிவிடலாம்.

ஔகாரம்தான் பெரிய தலைவலி. ஔவையார் என்பதில் ஔ ஒரே குறி. பழைய எழுத்துருவில் ஒ, ள என்று இரண்டாக அடித்ததால் யூனிகோடிலும் "ஒளவையார்" என்று வந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, குரலோ 'ஒ-ள-வையார்' என்று ளகரத்தைத் தனியே உச்சரிக்கும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் எல்லாம் இப்படியே. யூனிகோடு நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் செயல்) ஓட்டினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைக் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தால் அது சேர்த்துக் 'கொ' ஆக்கும். ஆனால் யூனிகோடின் கணக்கில் ஔகாரத்தின் பின்பாதி தனிக் குறி, ள என்ற மெய்யின் குறி அல்ல. இரண்டும் வேறு எண்கள். நார்மலைசேஷன் அதைத் தொடாது.

"ெள" இருக்கும் இடமெல்லாம் "ௌ" என்று கண்மூடி மாற்றினால் தெளிவு, வெளி, கெளுத்தி எல்லாம் சிதையும். ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றினால் பாதுகாப்பு.

பின்குறிப்பாக: 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அறிவித்த டேஸ் 16 குறியீடு யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கிறது. அச்சு வேலைக்கு யாராவது அதில் கொடுத்தால் தளத்தில் ஏற்றும் முன் யூனிகோடாக்குங்கள்.

7 ஜூலை, பகல் 1.15

படங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆல்ட் (படத்துக்குப் பதில் வாசிக்கப்படும் விளக்க எழுத்து) பண்பே இல்லையென்றால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை, நாள், மணி, வரிசை எண் எல்லாம் சேர்த்து, இலக்கம் இலக்கமாகப் படிக்கும். அலங்காரக் கோடு, பூ வேலை என்றால் ஆல்ட்டை வெறுமையாக வையுங்கள், எடுத்துவிடாதீர்கள். வெறுமை என்றால் 'தாண்டு' என்று பொருள்.

"படம்:" என்று தொடங்க வேண்டாம், 'கிராஃபிக்' என்று அதுவே சொல்லிவிடும். ஒன்றிரண்டு வாக்கியம் போதும். கேலிச்சித்திரமா, யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், பலூனுக்குள் உள்ள வசனத்தையும் சேர்த்து.

கவிதையைப் பூப்போட்ட பின்னணியில் படமாக ஏற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கவிதை எழுத்தாகவே இருக்கட்டும், பின்னணியை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். குரலில் கேட்பவருக்கு வரி முறிவு முக்கியம், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நிறுத்தி வாசிக்க அவரே அம்புக்குறியால் இறங்குவார். படமாக வைத்தால் அந்தக் கவிதை அவருக்கு இல்லவே இல்லை.

8 ஜூலை, இரவு 8.30

நிறம். உங்கள் தளத்தின் உடல் எழுத்து சாம்பல், ஹெக்ஸ் (நிறக் குறியீட்டு எண்) 777777. வெள்ளைப் பின்னணியில் நிற வேறுபாட்டு விகிதம் 4.48:1 வருகிறது. வேண்டியது 4.5:1. நூலிழையில் தோற்கிறது. 767676 என்றால் 4.54, தேறும். ஆனால் நூலிழையில் தேறுவதில் என்ன இருக்கிறது? தமிழ் எழுத்துருக்களில் மெல்லிய கோடு உள்ளவை நிறைய. 333333க்குப் போங்கள். தேதியும் எழுத்தாளர் பெயரும் 999999இல் இருக்கின்றன, அது 2.85.

திருவிழாச் சிறப்பிதழ்ப் பட்டையில் மஞ்சளில் சிவப்பு வைத்திருக்கிறீர்கள். முழு மஞ்சள், முழுச் சிவப்பு என்றால் 3.7 சுமார். 24 பிக்சலுக்கு மேலான தலைப்புக்குச் சரி, அதன் கீழே உள்ள சின்ன வரிக்கு ஆகாது.

இது உங்கள் தளத்தின் தனிக்குறை அல்ல. உலகின் முதல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் என்ற இணைய அணுகல் அமைப்பு ஆண்டுதோறும் அலசுகிறது. 2025இல் 94.8 சதவீதத்தில் கண்டறியத்தக்க பிழை இருந்தது, அதிகம் அகப்பட்டது மங்கலான எழுத்துதான்.

வரி உயரம் தமிழுக்கு 1.6, 1.7 வையுங்கள். பெட்டிகளுக்கு உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். வாசகர் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கு, ழு, ஞு போன்றவற்றின் கீழ்ச்சுழி. சுழி போனால் குவும் கவும் ஒன்றுதான்.

9 ஜூலை, காலை 9.00

முகப்பில் ஓடும் எழுத்து. 5 நொடிக்கு மேல் தானாக ஓடும் எதற்கும் நிறுத்தும் வழி வேண்டும். உங்கள் தீமில் அதற்கு ஏரியா-லைவ் (மாற்றத்தைக் குரலில் அறிவிக்கச் சொல்லும் பண்பு) வேறு போட்டிருக்கிறது. வாசகர் கட்டுரையின் நடுவே இருக்கும்போது ஒவ்வொரு செய்தி மாறும்போதும் குரல் அதை ஒப்பிக்கும். அந்தப் பண்பை உடனே எடுங்கள். இதழ்த் தளத்துக்கு ஓடும் எழுத்தே தேவையா என்று ஆசிரியரிடம் கேளுங்கள், ஐந்து தலைப்பும் நிலையாக நின்றால் எல்லாரும் வாசிப்பார்கள்.

'மேலும் படிக்க' முகப்பில் இருபது இருக்கிறது. என்விடிஏவில் இணைப்புகளின் பட்டியலைத் திறந்தால் (இன்சர்ட்டோடு எஃப்7) இருபது வரியும் ஒரே சொல். கட்டுரைத் தலைப்பையே இணைப்பாக்கிவிட்டு 'மேலும் படிக்க'வை நீக்குங்கள்.

கட்டுரைக்குள் உட்தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். எச் விசையால் தாவுபவருக்கு அவை தலைப்பே இல்லை. எடிட்டரில் 'தலைப்பு 2' என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி உதவி ஆசிரியர்களுக்குப் பழக்குங்கள். 40 நிமிடம் ஓடும் கட்டுரையில் திரும்பி வர அவருக்கு வேறு எளிய வழியில்லை.

10 ஜூலை, இரவு 10.50

ஓடிபி, கேப்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்). சந்தா கட்ட முடியாமல் போனதற்கு இவையும் காரணமாக இருக்கலாம்.

ஓடிபிக்கு ஆறு பெட்டி வேண்டாம், ஒரே பெட்டி. ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். ஆட்டோகம்ப்ளீட்டுக்கு 'ஒன் டைம் கோட்' மதிப்பு கொடுத்தால் கைப்பேசி தானே நிரப்பித் தரும். 30 நொடிக் கெடு போதாது. டாக்பேக்கில் அறிவிப்பைத் திறந்து, எண்ணைக் கேட்டு, செயலிக்குத் திரும்பி, பெட்டியைத் தேடுவதற்குள் அது போய்விடும். 10 நிமிடம் கொடுங்கள்.

கோணல் எழுத்துக் கேப்சாவை எடுத்துவிடுங்கள். ஒலிக் கேப்சா ஆங்கிலத்தில் இரைச்சலோடு வருவதால் தமிழ் வாசகருக்கு உதவாது, பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவருக்கு அறவே உதவாது. மனிதர் கண்ணுக்கும் குரலுக்கும் தெரியாமல் மறைத்த ஒரு பெட்டியை வைத்து, அது நிரம்பி வந்தால் தள்ளிவிடுவது இதழ் அளவுக்குப் போதும்.

பிழைச் செய்தி: சிவப்புக் கோடு மட்டும் காட்டாதீர்கள். "பின்கோடில் 5 இலக்கம்தான் இருக்கிறது" என்று எழுதி, அந்தப் பெட்டிக்கே ஃபோகஸைக் கொண்டு போங்கள். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள்.

12 ஜூலை, மாலை 5.20

சட்டம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பார்க்க வேண்டியவை: ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016, அதன் விதிகள் 2017, இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 17802. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, கேஒய்சிக்காக (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக) கேமரா முன் கண் சிமிட்ட முடியாத அமிலத் தாக்குதலில் பிழைத்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது.

13 ஜூலை, காலை 8.00

பிடிஎஃப். ஸ்கேன் செய்தவை வெறும் படம், டெசராக்ட் என்ற மென்பொருள் கொண்டு தமிழ் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தல்) எடுக்கலாம், பிழை திருத்த ஆள் வேண்டும். கணினியில் வடிவமைத்தவையும் நம்பத்தக்கவை அல்ல. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'கொடி' என்பது 'ெகாடி' என்று விழுந்தால் திரைவாசிப்பானுக்கும் அதுதான் போகிறது. எழுத்துருவின் உருவங்களிலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும் அட்டவணை சரியில்லை என்று அர்த்தம். பிடிஎஃப்பைச் சரி செய்வதை விட மூலக் கோப்பிலிருந்து கட்டுரையை எச்டிஎம்எல்லாகப் போடுவது எளிது. புதிய இதழ்களுக்கு லிப்ரே ஆபிஸில் ஏற்றுமதி செய்யும்போது டேக்டு பிடிஎஃப் (தலைப்பு, பத்தி என்ற அமைப்புக் குறிகளோடு கூடியது) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

15 ஜூலை, இரவு 9.30 (கேட்டவர்)

ஓவர்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். படிவம், லாங், நிறம் முடிந்தது. கூகுளின் தானியங்கிச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸ் 100 காட்டுகிறது. எல்லாம் சரிதானே?

15 ஜூலை, இரவு 11.10

லைட்ஹவுஸ் ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், அதில் எழுதியிருப்பது அந்தப் படத்தைப் பற்றியதா என்று பார்க்காது. பெயர்ப் பெட்டிக்கு 'பின்கோடு' என்று லேபிள் வைத்தாலும் 100 கொடுக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு நாமே சோதிப்பதும் போதாது. அன்றாடம் திரைவாசிப்பானில் வாழ்பவரின் வேகமும் பழக்கமும் நமக்கு வராது. உங்களுக்கு எழுதிய அந்த வாசகரையே கேளுங்கள், இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள், ஒருவர் கைப்பேசியில் மட்டும் வாசிப்பவராக இருக்கட்டும். மூன்று வேலை கொடுங்கள்: சந்தா கட்டுவது, ஒரு பழைய கட்டுரையைத் தேடுவது, ஒரு கவிதையை வாசிப்பது. நேரத்துக்குக் கூலி கொடுங்கள். நடுவில் வழி சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

16 ஜூலை, காலை 6.20

7ஆம் தேதிக் குறிப்பில் 'பாதுகாப்பு' என்று சொன்ன ஔகார மாற்று விதியை அப்படியே ஓட்டாதீர்கள். சிறுகதைகளில் பேச்சு வழக்கு வருகிறது. 'வெளக்கு', 'வெளங்குதா' இரண்டிலும் ள-வுக்குப் பின் குறி இல்லை. விதியை ஓட்டினால் 'வௌக்கு', 'வௌங்குதா' ஆகிவிடும். பார்வைக்கு அதே போல் தெரியும் என்பதால் மெய்ப்பு பார்ப்பவரும் பிடிக்க மாட்டார், குரல் மட்டும் தப்பாகச் சொல்லும். எனவே சொல் பட்டியல் வைத்து மாற்றுங்கள்: ஔவை, ஔடதம், கௌரவ, கௌதம, சௌகரிய, சௌந்தர, பௌர்ணமி, பௌத்த, மௌன, யௌவன, வௌவால். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களென்றால் 'வௌக்', 'வௌங்' இரண்டையும் தேடித் திருப்பிவிடுங்கள்.